கனவுக்குக் கஞ்சி

கேளுங்கள் கண்மணிகளே, ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில், அகன்ற ஓர் ஆற்றின் நடுவே பஞ்சு போலப் பனி மூடிய தீவு ஒன்று இருந்தது. அங்கே நித்திராநாதர் என்ற குருவும் அவருடைய அடியார்களும் வாழ்ந்தார்கள். அக்கரை என்று ஒன்றில்லை, ஆற்றோடு உலகம் முடிந்தது என்பார் குரு. தீவுக்கு ஒரே ஓடம். அதைப் பூட்டிய சாவி அவர் இடுப்பில்.

விடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று இரவு கண்ட கனவைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் யார் உழுவது, யார் யாரை மணப்பது, யார் பட்டினி கிடப்பது என்று அவர் தீர்ப்புச் சொல்வார். கனவு இல்லாதவருக்குக் கஞ்சி இல்லை.

"கனவில் நான் வந்து சொன்னால் அது என் வாக்கு. மீறினால் ஆறு பொங்கும்" என்பது விதி.

பூவாயிக்கோ கனவே வருவதில்லை. மடியில் சிட்டு என்ற பெண் குழந்தை. தூக்கமெல்லாம் கோழித் தூக்கம். மீன் பறந்தது, நிலா நெல் குத்தியது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கஞ்சி வாங்குவாள். இத்தனை பேரில் பொய் சொல்லும் பாவி தான் ஒருத்திதான் என்று நடுங்குவாள்.

ஒரு நாள் குரு சொன்னார்: "பால் மறந்த பிள்ளை எனக்குச் சொந்தம். பௌர்ணமி விடியலில் சிட்டுவை நான் வாழும் வெண்மாடத்தில் விடு. தாய் முகம் தானே மறந்துபோகும்."

அடுத்த விடியலில் பூவாயி வரிசையில் நின்றாள். "சாமி, கனவுல நீங்க வந்தீங்க. பிள்ளையோட ஓடமேறிப் போயிடுன்னு சொன்னீங்க."

குரு சிரித்தார். "ஒரு முறை வந்தால் அது அஜீரணம்."

மறுநாளும் அதையே சொன்னாள். குரு சிரிக்கவில்லை. "இரு முறை வந்தால் அது ஆசை. மும்முறை வந்தால்தான் வாக்கு."

பின்னால் நின்ற காத்தாயி இடித்தாள். "ஏண்டி, உனக்கு மட்டும் சாமி ஓடம் விட வர்றாரோ? என் கனவுல சாணி அள்ளச் சொல்லத்தானே வர்றாரு!"

பௌர்ணமி விடியல் வந்தது. "பொய்யானால் தாயையும் பிள்ளையையும் ஆறு கொண்டுபோகும். இப்போது சொல்" என்றார் குரு.

பூவாயி வாய் திறந்தாள். ஆறு என்று கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுச் சிட்டுவை இறுக்கிக்கொண்டாள். குரு குழந்தையை நோக்கிக் கை நீட்டினார்.

"எனக்கும் அந்தக் கனவு வந்துச்சு சாமி" என்றாள் காத்தாயி.

"எனக்கும்" என்றான் ஓர் உழவன். எனக்கும், எனக்கும் என்று பனிக்குள் வரிசை நெடுகக் குரல்கள். அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கே யாருக்குமே என்றைக்கும் கனவு வந்ததில்லை!

இந்தக் கனவு பொய் என்றால், கனவு கேட்டுக் குரு சொன்ன தீர்ப்பெல்லாம் பொய். மெய் என்றால் சாவி போகும். "எது சாமி? சொல்லுங்க, கஞ்சி ஆறுது" என்றாள் காத்தாயி. குருவின் விரல்கள் மெல்ல இடுப்பைத் தடவிச் சாவியை அவிழ்த்தன.

பூவாயியும் சிட்டுவும் ஏறிய ஓடம் பனிக்குள் நழுவியது. நெடுநேரத்துக்குப் பின் தட்டியது அக்கரை மணல். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"யாரும்மா நீ? பச்சப்புள்ள இப்படி நனைஞ்சிருக்கு! கொண்டா இங்கே" என்று உலர்ந்த சேலை ஒன்றை விரித்தாள். பூவாயி அதன்பின்தான் அழுதாள்.

ஆகவே கண்மணிகளே, ஒவ்வொருவரும் தனித்தனியே அஞ்சுவதுதான் கொடியவனின் பலம். ஒருத்தி துணிந்து தொடங்கி இன்னொருத்தி துணை நின்றால் அது உடைந்துபோகும்.