இருநூற்றுப் பதினான்கு சொட்டுகள்

“மேடம், என்னை விட்டுடுங்க. எனக்கு இந்த டாக்டர் பட்டமே வேண்டாம்.”

சொன்னவர் திருமேனி. பாலிடெக்னிக் வாத்தியார், வயது நாற்பத்தொன்பது. கேட்டுக்கொண்டிருந்த நூர்ஜஹான் அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டி. அவருக்கு முப்பத்தைந்துதான்.

“என்ன ஆச்சு சார்?”

“தண்ணி கலந்த டீசல்ல ஒரு சொட்டை மெல்லிசுக் கம்பியில தொங்கவிட்டுக் கொளுத்தறேன். கடைசிவரைக்கும் எரிஞ்சாத்தானே எப்படிச் சிறுத்துக்கிட்டே வருதுன்னு அளக்கலாம்? உள்ளே இருக்கிற தண்ணி முதல்ல கொதிச்சு, பாதியிலேயே டப்புன்னு வெடிச்சுடுது. ஒண்ணுகூட உருப்படியா எரியல. வெள்ளிக்கிழமை கமிட்டி. வெறுங்கையோட போய் நின்னா என் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க.”

மனிதருக்கு ஆறு மாதமாக ஒரே அழுகை, பாவம்.

நூர்ஜஹான் ஆறுதல் சொல்லவில்லை. அது அவருக்கு வரவே வராது.

“வெடிக்காத சொட்டு ஒண்ணைக் கொளுத்துங்க.”

திருமேனி வெறும் டீசலைக் கொளுத்தினார். அது சமர்த்தாக எரிந்தது. நூர்ஜஹான் அதற்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தார். தாளில் கரி அப்பிக்கொண்டது.

“இப்ப உங்க சொட்டு.”

டப்!

பொடிப்பொடியாகச் சிதறி, கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து தீர்ந்தது. புதுத் தாளில் லேசாகப் புகை பட்டிருந்தது, அவ்வளவுதான்.

“எது உருப்படியா எரிஞ்சுது சார்?”

திருமேனி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுவரைக்கும் எத்தனை வெடிச்சிருக்கு?”

“இருநூத்திப் பதினாலு.”

“அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?”

“நோட்டுல எழுதி வச்சிருக்கேன் மேடம். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதே. எவ்வளவு தண்ணி கலந்தேன், பத்தவச்சு எவ்வளவு நேரத்துல வெடிச்சுது, எல்லாம் இருக்கு.”

தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினார். அட்டையில் கொட்டை எழுத்தில் ‘கெட்டுப்போனவை’ என்றிருந்தது.

நூர்ஜஹான் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நோட்டை மூடி, பேனாவால் அட்டையில் இருந்த வார்த்தையை அடித்துவிட்டு, “வெடிச்சாத்தான் கரி குறையுதுன்னு கமிட்டிக்கு இதையே காட்டுங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

திருமேனி அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மேடம்?”