யார் கழுத்தில் மாலை

மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய சிஷ்யை மீனாளுக்கு எண்பத்தொன்று. பேரன் வயதுள்ளவரிடம் என்ன உபதேசம் வேண்டிக்கிடக்கிறது என்று ஊரில் சிரிக்காதவர் கிடையாது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று பன்னிரண்டு வருஷமாகத் திங்கள்கிழமை தவறாமல் அவள் வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குச் செவ்வாய். உச்சிவெயிலில் வந்து நின்றாள்.

“என்ன ஆத்தா, கிழமை மாறிப்போச்சா?”

“எல்லாமே மாறிப்போச்சு சாமி. அவுக மொகம் எனக்கு மறந்துபோச்சு.”

அவுக என்றால் அவள் புருஷன், வயிரவன் அம்பலம். தொண்ணூற்றொரு வயதில் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. லேசுப்பட்ட மனுஷர் இல்லை. பதினாலு வயதில் தகப்பனைப் பறிகொடுத்து, நான்கு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, இருபத்தெட்டு வயதில்தான் தனக்கென்று ஒரு கல்யாணத்துக்குச் சம்மதித்தவர். மீனாள் விஷக்காய்ச்சலில் விழுந்தபோது மதுரை ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு நாள் துண்டை விரித்துக் கிடந்தார். அந்த வருஷம் நடவு கெட்டது. அதைப் பற்றிப் பிறகு ஒரு பேச்சுப் பேசியதில்லை. பிள்ளைகள் ஆறு, பேரன் பேத்தி இருபத்தேழு. அதில் எந்த வீட்டில் சண்டை என்றாலும் அவர் போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அடங்கிவிடும்.

“வீட்டுல படம் மாட்டியிருக்காங்கள்ல?” என்றார் சாமி.

“அதுதானே வெனை. நடுவீட்டுச் சுவத்துல யாரோ ஒரு ஆம்பளை இருந்துக்கிட்டு என்னையே பாக்குறாரு. சோறு திங்கக் கூச்சமா இருக்கு. முந்தானையை இழுத்துப் போத்திக்கிறேன். நேத்து, அவுகளைத் தேடி வந்தவரோன்னு நெனச்சு, ‘வயலுக்குப் போயிருக்காக, வந்துருவாக’ன்னு சொல்லிப்புட்டேன்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

“சரின்னு தலையை ஆட்டுனாரு.”

சாமி சிரிக்கவில்லை.

“பெரியவன் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி தலையைப் படம் புடிச்சுப் பாக்கணுங்கிறான். பாக்கட்டும். ஆனா நாளன்னைக்கு வருஷத் திதி சாமி. மொத மாலையை நான்தான் போடணுமாம். அறுபத்துமூணு வருஷம் ஒருத்தருக்கு வாக்கப்பட்டுட்டு, கடைசியில ஊர்பேர் தெரியாத ஆம்பளைக்கு மாலை போடவா? கட்டுன புருஷன் மொகம் மறந்தவ, நான் என்ன பொம்பளை?”

“அவர் மொகத்தை நேருக்கு நேர் எப்பப் பாத்தீங்க?”

மீனாள் யோசித்தாள்.

“தாலி கட்டுறப்ப?”

“தலை குனிஞ்சிருந்தேன்.”

“அப்புறம்?”

“மாமியா இருந்தாக. மாமியா போறதுக்குள்ள மகன் தலையெடுத்துட்டான். பெறகு மருமகளுக வந்துட்டாளுக. நாலு பேர் இருக்கையில புருஷனை நிமிந்து பாத்துப் பேசுறது எங்க பக்கம் வழக்கமில்லையே. வெளக்கணைச்ச பெறகு எங்க பாக்குறது?”

“அவர் போன அன்னைக்கு?”

“அன்னைக்குக் கண்ணு பூராத் தண்ணி சாமி.”

சாமி எழுந்தார்.

“வாங்க, கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம்.”

“இந்த வெயில்லயா?”

“இந்த வெயில்லதான்.”

குடையை எடுக்க அவர் உள்ளே போனார். மீனாள் வாசலில் இறங்கி நின்றாள். கண் கூசியது, முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு காலடிச் சத்தம் அவளைத் தாண்டிப் போனது. சரி, சாமி கிளம்பிவிட்டார் என்று பின்னாலேயே நடந்தாள். ஆம்பளைக்கு நாலடி பின்னால், குனிந்த தலை, முன்னே போகிற குதிகால் மேல் கண். வேறு விதமாக நடக்க அவளுக்குத் தெரியாது.

காடு அரவமற்றுக் கிடந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பாதையில் கருவேல முள் கிடந்தது. முன்னே போன கால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனது.

“மெதுவாப் போங்க சாமி. எனக்கென்ன சின்ன வயசா?”

பதில் இல்லை. ஆனால் நடை தளர்ந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கால் சுடவில்லை. செருப்பில்லாத கால், கொதிக்கிற மண். அடியெல்லாம் சில்லென்று இருந்தது. என்னவோ ஏதோ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். பெரியவன் கிணற்று மோட்டாரை மாற்றியது, சின்ன மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனது, வெள்ளைப் பசு மறுபடி சினையானது. பேச்சில் ‘சாமி’ எந்த இடத்தில் நழுவியது என்று அவளுக்கே தெரியாது.

வாய்க்கால் வந்தது. குறுக்கே ஒற்றைப் பனந்தண்டு கிடந்தது. முன்னே போன கால்கள் கடந்துபோய் அக்கரையில் நின்றன. திரும்பவில்லை. தண்டு உருண்டுவிடாதபடி அதன் நுனியைக் குதிகாலால் அழுத்திப் பிடித்துக்கொண்டன. மீனாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடிமேல் அடி வைத்துக் கடந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

“இந்தப் பக்குவமெல்லாம் கல்யாணங் கட்டாத ஆளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“எந்தப் பக்குவம் ஆத்தா?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து.

“குடையைத் தேடி எடுக்க நேரமாயிருச்சு. நான் இப்பத்தான் வந்து சேர்றேன்.”

மீனாள் குனிந்தபடியே முன்னால் பார்த்தாள். குதிகால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வெடிப்புகளில் வயல்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

“சாமி, நிமிந்து ஒருதரம் மொகத்தைப் பாத்துக்கிடவா?”

சாமி குடையை மடக்கினார்.

“இத்தனை வருஷத்துல, முன்னால நடக்கையில அவர் ஒரு நாளாச்சும் உங்க மொகத்தைத் திரும்பிப் பாத்தாரா ஆத்தா?”

“இல்ல.”

“அப்ப, பின்னால வர்றது யாருன்னு தெரியாமலா நிக்கிறாரு?”