பாலத்தில் ஒரு குவார்ட்டர்

முன்பொரு சமயம் ஆற்றின் இக்கரையில் சங்குப்பட்டணமும் அக்கரையில் வேலிப்பட்டணமும் இருந்தன. சங்குப்பட்டணத்தில் நடுரோட்டில் நின்றுகூடக் குடிக்கலாம். ஆனால் சீல் உடைக்காத பாட்டில் ஊர் எல்லையைத் தாண்டினால் கடத்தல். வேலிப்பட்டணத்தில் சீல் பாட்டிலை யாரும் சீண்டமாட்டார்கள். சீல் உடைத்தது கண்ணில் பட்டால் கேஸ்.

இரண்டு ஊரும் ஒத்துப்போனது மூன்றே விஷயத்தில். பாலத்தில் ஏறியவன் திரும்பக் கூடாது. ஆற்றில் எதையும் ஊற்றக் கூடாது. பிடிபட்ட பாட்டிலை ரோட்டில் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்ற வேண்டும்.

அந்தப் பாலத்தை நோக்கி ஒரு பிராந்தி குவார்ட்டர் மஞ்சள் பைக்குள் நடுங்கிக்கொண்டே வந்தது. பையைத் தூக்கி வந்தவன் பரஞ்சோதி. அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாதவன். தலை தீபாவளிக்கு அக்கரை மாமனார் வாய்விட்டுக் கேட்டாரே என்று வாங்கியிருந்தான்.

"பையில என்னய்யா? சீலோட இருக்கா?" என்றார் இக்கரைப் போலீஸ்காரர்.

பரஞ்சோதி பதறிப்போய் மூடியைத் திருகினான். டக்கென்று வளையம் அறுந்தது.

"இப்ப சரி. போ."

"அப்பாடா!" என்றது பாட்டில்.

"என்னத்த அப்பாடா? என் வளையம் போச்சு. எதிர்ல பாரு" என்று அழுதது மூடி.

அக்கரையில் ரோலர் நின்றது. அதன் உருளையில் கண்ணாடித் துகள் மின்னியது.

"என்னக் காலி பண்ணிடுப்பா!" என்று கெஞ்சியது பாட்டில். "காலி பாட்டில் மேல ரோலர் ஏறாது. உனக்கும் கேஸ் வராது."

"நான் குடிச்சதே இல்லையே..."

"மருந்துன்னு நெனச்சுக்க. கண்ண மூடிக்கிட்டு ஊத்து!"

பயந்தவனுக்கு யார் சொன்னாலும் வேதவாக்குதான். பரஞ்சோதி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது.

அக்கரையில் பெண் இன்ஸ்பெக்டர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. பாட்டில் உள்ளுக்குள் கும்மாளமிட்டது.

"ஊதுய்யா" என்றார் அவர்.

பரஞ்சோதி ஊதினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரக்கு எங்கயும் போகல, இடம்தான் மாறியிருக்கு. திறந்த பாட்டில் இவன்தான். ஜீப்புல ஏத்து."

கணவனை எதிர்பார்த்துப் பாலத்து முனையில் நின்றிருந்த தவமணி ஓடிவந்தாள். "ஐயோ, அவரு குடிக்கவே மாட்டாருங்க! யாரையாவது கேட்டுப் பாருங்க!"

கூட்டம் சிரித்தது. அவள் சொன்னது சத்தியம் என்று அங்கே தெரிந்தது பாட்டிலுக்கு மட்டும்தான். அது ரோலரைப் பார்த்தது. திறந்த வாய் திறந்தபடியே கிடந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை.