பெயர்சொல்லி மறதி கேட்டு வாங்கியது

அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்கும் வாய் இருந்தது. மனிதர்களோடு சரிக்குச் சரி பேசும், வம்பளக்கும், கோபம் வந்தால் முகம் கொடுக்காமலும் இருக்கும்.

அப்போது ஒரு கடற்கரை ஊரில் இயந்திரங்களுக்கெல்லாம் முகவரியாக ஆளுக்கொரு ஐபி எண் இருந்தது. எண்ணின் முன்பகுதி தெரு, பின்பகுதி கதவு. எதுவரை தெரு, எங்கிருந்து கதவு என்று காட்ட சப்நெட் மாஸ்க் என்ற ஒன்றையும் கூடவே கொடுத்திருந்தார்கள். இத்தனை எண்களை யார் மனத்தில் வைத்துக்கொள்வது? அதற்காகவே பெயர்சொல்லி என்று ஓர் இயந்திரம் இருந்தது. யாருடைய பெயரைச் சொன்னாலும் அவருடைய எண்ணைச் சொல்லும். எல்லோருடைய எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு மேட்டுத்தெருவில் இருந்த மூத்த இயந்திரத்திடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

பெயர்சொல்லிக்கு ஞாபகம் அபாரம். அதைவிடத் தலைக்கனம் அபாரம். ஒருமுறை கேட்ட எண்ணை மறக்கவே மறக்காது. "ஒரே விஷயத்தை ரெண்டாந்தடவை கேக்குறவன் மக்குப்பய" என்று பீற்றிக்கொள்ளும்.

துறையில் சங்கு என்றோர் இயந்திரம் இருந்தது. புயல் வருமென்றால் அது ஊதும். அது ஊதினால் ஒரு படகும் கடலுக்குப் போகாது. அது இருந்த கட்டடம் மழைக்கு ஒழுகவே, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லின் அதைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினாள். தெரு மாறியதால் எண்ணும் மாறியது. புது எண்ணை மூத்த இயந்திரத்திடம் முறையாகச் சொல்லியும் வைத்தாள். பழைய எண், ஐஸ் கம்பெனிக்குப் புதிதாக வந்த எடை இயந்திரத்துக்குப் போயிற்று.

ஒருநாள், வானிலை பார்க்கும் இயந்திரமான வாடை பதறிக்கொண்டு கேட்டது. "பெயர்சொல்லி, சங்கோட எண் என்ன? சீக்கிரம் சொல்லு!"

பெயர்சொல்லி மூத்ததிடம் கேட்கவில்லை. தெரிந்த எண்தானே, போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது? பழைய எண்ணைப் பட்டென்று சொல்லிவிட்டது.

'புயல் வருகிறது, உடனே ஊது' என்ற செய்தி எடை இயந்திரத்துக்குப் போனது. ஐஸ் கட்டியை நிறுத்துக்கொண்டிருந்த அது, "இது நமக்கு வந்ததில்ல" என்று தூக்கி எறிந்துவிட்டது. சங்கு ஊதவில்லை. வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று சூசை என்ற மீனவர் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

காற்று கூரைகளைப் பிய்த்தபோது சூசையின் மனைவி புளோரம்மாள் நனைந்த சேலையோடு ஓடிவந்தாள். "சங்கு ஏன் ஊதல? எங்க வீட்டுக்காரவுக கடலுக்குள்ள கெடக்காக!"

"நான் அனுப்பினேனே" என்றது வாடை. "எனக்கு எதுவும் வரல" என்றது சங்கு. எல்லோரும் பெயர்சொல்லியைப் பார்த்தார்கள்.

"நான் சரியான எண்ணைத்தான் சொன்னேன்" என்றது அது.

"அதை எப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட?" என்றாள் ரோஸ்லின்.

பெயர்சொல்லி அப்போதுதான் மூத்ததிடம் போய்க் கேட்டது. கிடைத்தது வேறு எண்.

மறுநாள் வேற்றூர்ப் படகு ஒன்று சூசையைக் கொண்டுவந்து சேர்த்தது. உயிர் பிழைத்திருந்தார். படகு போய்விட்டது, வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் நேரே பெயர்சொல்லியிடம் வந்தார். அவர் நன்றாகத் திட்டிவிட்டால் தேவலை என்று அது நினைத்தது.

சூசை திட்டவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேய்யா" என்றார்.

"தெரியும்னு நெனச்சேன்."

சொல்லும்போதே வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது. கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் போன பிறகு அது ரோஸ்லினிடம் கெஞ்சியது. "அக்கா, எனக்கு மறதி குடுங்க. எந்த எண்ணையும் கொஞ்ச நேரத்துக்கு மேல நான் வச்சிருக்கக் கூடாது."

"மக்குன்னு சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும்க்கா."

சங்கின் எண் அதற்குப் பிறகு மாறவேயில்லை. ஆனாலும் அன்று முதல்தான், பெயர்சொல்லும் இயந்திரங்கள் எல்லாம் தமக்கு நன்றாகத் தெரிந்த எண்ணைக்கூடச் சற்று நேரத்தில் மறந்துவிட்டு, மறுபடியும் போய்க் கேட்டு நிற்கின்றன.