பதினான்காம் நாற்காலி

நாட்டின் இணையப் பாதுகாப்பு முகமைக்குப் பூங்கோதை தலைவி. அவரிடம் பயிற்சி பெற்ற நல்லசிவம் இப்போது நிதி அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. ஒரு பென்சில் வாங்கவும் இரண்டு காரணம் கேட்கிற மனிதர்.

ஒரு நாள் காலை அவர் மடிக்கணினியோடு கண்காணிப்புக் கூடத்துக்கு வந்தார். அங்கே இருபது நாற்காலிகள் இருந்தன. எட்டில் மட்டுமே ஆட்கள்.

"மூணு வருஷமா பன்னிரண்டு இடம் காலி. ஒண்ணும் ஆகலையே அம்மா. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஆள் போட வேண்டாம்னு எழுதியிருக்கேன். மதியத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். தப்பா?"

பூங்கோதை பதினான்காம் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு."

உட்கார்ந்தார். விசைப்பலகையில் தூசி படிந்திருந்தது. மூன்று வருடமாக யாரும் தொடாத தூசி.

"இப்ப வேலையில இருக்கறவங்க நாற்காலி எண் சுவர்த்திரையில பச்சையாத் தெரியும். எண்ணு."

நல்லசிவம் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"இருபது இருக்கே?"

"இடம் அனுமதிச்ச அன்னைக்கே இருபது பேருக்கும் நுழைவுப் பேரும் கடவுச்சொல்லும் போட்டு வெச்சோம். ஆள்தான் வரல."

"அப்ப இந்தப் பன்னிரண்டு?"

"காலையில ஒன்பதுக்கு வருது. சாயங்காலம் அஞ்சுக்குப் போகுது. லீவே எடுக்கறதில்ல. நேத்துதான் கண்ணுல பட்டுது. எட்டுப் பேரால எதைன்னு பார்க்க முடியும்?"

நல்லசிவத்துக்குப் பயமாக இருந்தது. தன் மடியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

"உடனே மூடிடலாமே?"

"இதை மூடினா, அந்தப் பேருல திருட்டுத்தனமா நுழைஞ்சவங்க வேற வழியா வருவாங்க. அந்த வழியத் தேட ஆள் வேணும்."

அப்போது திரையில் பதினான்காம் எண்ணுக்கு நேராக ஒரு கோப்பின் பெயர் வந்தது. அது நல்லசிவம் எழுதிய கோப்பு. இன்னும் யாருக்கும் அனுப்பாதது.

அவசரமாக மடிக்கணினியைத் திறந்தார். 'பன்னிரண்டு இடங்களும் மேலும் ஓராண்டு காலியாக இருக்கலாம்' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. அந்த நிமிடத்தின் நேரமும் இருந்தது.

"அம்மா, நான் இன்னும் கையெழுத்துப் போடலையே."

"தப்பான்னு என்கிட்ட கேட்டே," என்றார் பூங்கோதை. "அவங்களுக்கு அது சரியாப் பட்டிருக்கு."