பதினோரு பேர், ஒரு போன் எண்

சொர்ணக்கிளிக்கு நடந்த அநியாயம் இது. மார்பில் கட்டி என்று தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு மோசமாக வந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மாதம் கழித்து, வலி தாங்காமல் அவராகவே வந்தபோது நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சை அளவாகியிருந்தது. மார்பை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஏன் கூப்பிடவில்லை? மூன்று கிளினிக்குகளின் பதிவுகளை ஒரே பட்டியலாகச் சேர்ப்பதற்கு ஆஸ்பத்திரி ஒரு தரவு இணைப்பு மென்பொருள் கருவியை விலைக்கு வாங்கியிருந்தது. சொர்ணக்கிளி குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பஞ்சவர்ணம் என்பவருடைய வாசலில் மட்டும்தான் சிக்னல் எட்டும். அதனால் பதினோரு பெண்கள் பஞ்சவர்ணத்தின் போன் எண்ணையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எண் ஒன்று என்பதால் பதினோரு பேரையும் கருவி ஒரே ஆளாக்கிவிட்டது. பிப்ரவரியில் பஞ்சவர்ணம் சர்க்கரை மாத்திரைக்கு வந்து போனார். 'நோயாளி வந்துவிட்டார், இனிக் கூப்பிட வேண்டாம்' என்று பட்டியல் வேலையை முடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியின் தரவுப் பிரிவுக்குத் தலைவர் மெஹருன்னிஸா. வயது முப்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்கும் இருதயராஜுக்கு ஐம்பத்தேழு. முப்பது வருடம் நோயாளி அட்டைகளை அடுக்கிய கை. முதல் நாள் கிண்டலாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். கிண்டல் போய்விட்டது, வார்த்தை நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்த அன்றைக்கே மெஹருன்னிஸா தோட்டத்துக்கு ஜீப் அனுப்பி, மற்றப் பெண்களையும் பரிசோதனைக்கு வரவழைத்தார். நிர்வாகமோ ஓர் அறிக்கை கேட்டது. விலைக்கு வாங்கிய கருவியையே வைத்துக்கொள்ளலாமா, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலக் கருவிக்கு மாறலாமா? ஒப்பிட்டு எழுதச் சொல்லி இருதயராஜிடம் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் அட்டவணையோடு வந்தார்.

"குருவே, ஒண்ணைச் சொல்லிடுங்க. எது நல்லது?"

"உங்க அட்டவணை என்ன சொல்லுது அண்ணே?"

"முப்பத்தெட்டு வரி. காசு கொடுத்ததுல சிக்கல் வந்தா போன் பண்ண ஒரு ஆள் இருக்கான். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு காட்ட மாட்டான். திறந்ததுல உள்ளே எல்லாம் தெரியுது. ஆனா சிக்கல் வந்தா நாமதான் உக்காந்து பாக்கணும். பத்தொன்பது இதுக்கு, பத்தொன்பது அதுக்கு. பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் பேசுற மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் வாய் ஓயல."

"அந்தப் பதினோரு பேர் பதிவுகளை ரெண்டு கருவியிலயும் போட்டுப் பாருங்க."

மறுநாள் மதியம் ஓட்டமாக வந்தார்.

"குருவே, திறந்ததுதான்! வாங்கினது பதினோரு பேரையும் மறுபடி ஒண்ணாக்கிடுச்சு. திறந்தது பதினோரு பேரையும் பதினோரு பேராவே விட்டுடுச்சு. விக்கிறவன் அயோக்கியன்னு நான் அப்பவே சொன்னேன்."

"யாரை ஒரே ஆளா எடுத்துக்கணும்னு திறந்த கருவிக்குச் சொன்னீங்களா?"

"சொல்லணுமா?"

"வாங்கின கருவிக்குச் சொல்லியிருந்தோமே. அதே விதியைக் கொடுங்க."

போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது நடை தளர்ந்திருந்தது.

"இதுவும் ஒண்ணாக்கிடுச்சு."

அட்டவணையை மேசைமேல் போட்டுவிட்டு இருதயராஜே தொடர்ந்தார்.

"அப்போ விதிதான் தப்பு. அதைப் போட்டவன் எவன்? வித்த கம்பெனியைக் கேட்டேன். தொண்ணூறு நாளைக்கு மேலே யார் என்ன மாத்தினாங்கன்னு குறிப்பு வைக்கிறதில்லையாம். என்ன கொழுப்பு பாருங்க! திறந்ததுல இப்படி நடக்காது. யார் கை வெச்சாலும் பேர் நிக்கும். இந்த ஒரு வரிக்காகவே நான் திறந்ததுன்னு எழுதுவேன். ஆனா அந்த ஆள் தப்பிச்சுட்டானே!"

"தப்பிக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரே நோயாளி மூணு கிளினிக்லயும் மூணு ஆளா நிக்கிறாங்கன்னு புகார் வந்தது. போன் எண் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னு விதி போட்டது நான். எங்க வீட்ல ஆளுக்கு ரெண்டு போன். ஒரு போனுக்குப் பதினோரு ஆள் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

இருதயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருக்கும் தெரியாது குருவே," என்றார் மெதுவாக. "குறிப்பும் இல்ல."

"ஆமா, இல்ல."

"நிர்வாகமே பழியை மென்பொருள் மேலே போட்டாச்சு. நீங்க வாயைத் திறந்தா உங்க வேலை போயிடும்."

"வேலை போகலாம்."

"அப்போ அறிக்கையில நான் என்னதான் எழுதறது?"

"வார்டுக்குப் போயிட்டு வந்து எழுதலாம். வாங்க."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள். சொர்ணக்கிளி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நிர்வாகம் அனுப்பிய கடிதம். மொத்தம் ஒன்றரை வரி: மென்பொருள் பிழையால் நேர்ந்த தாமதத்துக்கு வருந்துகிறோம்.

"கம்ப்யூட்டர் ரூம் ஆளுங்களா? ஏன் சாமி, பஞ்சவர்ணம் சிவப்பு, நான் கறுப்பு. அவ குட்டை, நான் பனைமரம். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு எந்தக் கண்ணு பார்த்துச்சு?"

இருதயராஜ் தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, மென்பொருள்னு ஒண்ணு…"

"மென்பொருள் எனக்கும் தெரியும். எம் பொண்ணு கோயம்புத்தூர்ல அதைத்தான் படிக்கிறா." கடிதத்தை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "டாக்டர் வந்தாரு, தாமதம்னாரு. ஆபீசர் வந்தாரு, வருத்தம்னாரு. இத்தனை பேர் வந்தீங்க, செஞ்சது மட்டும் வரல. அதைக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு என்னை அறுக்கறதுக்கு முன்னாடி அதுகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்."



மெஹருன்னிஸா கட்டிலருகே போய் நின்றார்.

"வந்திருக்கேம்மா. கேளுங்க."