வடு எந்தக் கன்னத்தில்?

கிட்ட வந்து உட்காருங்கள். இது குளிர் தேசத்துக் கதை. தள்ளி உட்கார்ந்து விறைத்துப்போனால் அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், கடலே உறைந்துபோகிற வடக்கு நாடு ஒன்றை ஐஸ்டைன் என்ற ராஜா ஆண்டார். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவின் முகத்தை யாரும் நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. தலை குனிந்தே பேச வேண்டும். பாதிப் பேருக்கு அவரைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும்!

ஒரு நாள் ராஜா தூரக் கடலுக்குப் புறப்பட்டார். ஒரே மகள் ரக்னில் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். தாயும் இல்லை. "பிள்ளைக்கு என் முகம் மறந்துபோகுமே" என்று, படம் வரைவதில் கெட்டிக்காரனான ஒரு காக்கையைக் கூப்பிட்டார்.

காக்கை வழக்கத்தை மீறவில்லை. தரையில் வழவழவென்று ஒரு பனிப்பாளத்தைப் போட்டு, அதில் தெரிந்த முகத்தைப் பார்த்தே உள்ளங்கை அளவு தந்தத்தில் வரைந்தது. சுற்றிலும் வைரம் பதித்தது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம் தோளில் கட்டியிருந்த நீலப் பட்டு நாடாவை அவிழ்த்துக் காக்கையின் கழுத்தில் கட்டினார். எந்தப் பறவைக்கும் கிடைக்காத விருது. அன்று முழுக்கக் காக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை.

கப்பல் கிளம்பும்போது அது பாய்மரத்தில் உட்கார்ந்து, ஆசைக்கு ஒரு தரம் ராஜாவை நேராகப் பார்த்துவிட்டது. பார்த்த பிறகுதான் தப்பு தெரிந்தது. ராஜாவின் வாள்வடு இடது கன்னத்தில் இருக்கிறது. படத்திலோ வலது கன்னத்தில்! பனிப்பாளம் இடதை வலதாக்கிக் காட்டியிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாடா போய்விடுமே!

ரக்னில் வளர்ந்தாள். காக்கை அவளிடம், "தாயே, அந்தப் படத்தை ஒருத்தர் கண்ணிலும் காட்டாதே. எவனாவது பார்த்துவிட்டு, கன்னத்தைக் கீறிக்கொண்டு நான்தான் உன் அப்பன் என்று வந்து நிற்பான்" என்றது. அவளுக்கும் சரியென்றே பட்டது. படத்தை உள்ளங்கிக்குள், முகம் தன் நெஞ்சைப் பார்க்க, ஒளித்து வைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. நான்தான் ராஜா என்று சிலர் வரவும் செய்தார்கள். வடு இல்லையென்று விரட்டினாள். காக்கைக்கு இன்னும் பேர் வந்தது.

பனி இளகத் தொடங்கிய ஒரு காலையில், கந்தலும் தாடியுமாக ஒரு கிழவர் உறைந்த கடலின் மேல் நடந்து வந்து வாசலில் நின்றார்.

"மகளே" என்றார். "பனியில் கப்பல் சிக்கி நொறுங்கிவிட்டது. நடந்தே வந்தேன் அம்மா."

ரக்னில் அவர் கன்னத்தில் வடுவைக் கண்டாள். திரும்பி நின்று படத்தை எடுத்துப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். "வடு வலது கன்னத்தில் இல்லையே" என்றாள்.

"எனக்கு இருப்பது இந்தக் கன்னத்தில்தானே?" என்று கிழவர் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கீறத் தெரிந்தவருக்குப் பக்கம் தெரியவில்லை. போய்விடுங்கள் ஐயா."

உத்தரத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தது. கழுத்தில் நாடா இறுகியது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டது. கதவும் மூடியது. கிழவர் வந்த வழியே, அந்த இளகிய பனியின் மேலேயே திரும்பிப் போனார்.

ரக்னிலுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து ஒரு கிழட்டுக் கடல்நாய் தலையை நீட்டியது.

"அட, நம்ம ராஜா! யார் பெண்ணே வரைந்தது? கண்ணைப் பின்மண்டையில் வைத்திருந்தானா? வடு இடது கன்னத்தில் அல்லவா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கு ஏது உங்கள் வழக்கம்? படகோரத்தில் குனிந்து எனக்கு மீன் போடுவாரே! நேற்றுக்கூடப் பார்த்தேனே." கடல்நாயின் குரல் இறங்கிவிட்டது. "பனி உடைந்து விழுந்தார். முட்டித் தூக்கப் பார்த்தேன் தாயே. முடியவில்லை. கனத்துப்போயிருந்தார்."

ரக்னில் அழவில்லை. தோளில் இருந்த காக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

காக்கை தலையைக் குனிந்துகொண்டது.

"ஒரே ஒருத்தர் பார்த்திருந்தால் போதுமே, காக்கையே. மாற்றிப் போட்டிருக்கிறது என்று சொல்லியிருப்பார்களே."

காக்கை தன் கழுத்து நாடாவை அலகால் இழுத்து இழுத்து அவிழ்த்தது. அவள் கையிலிருந்த படத்தை அதில் கோத்தது. வடு இருந்த பக்கம் இனி யாருக்கும் மறக்கக்கூடாது என்று அவளுடைய இடது தோளில், முகம் ஊரைப் பார்க்க வைத்துக் கட்டி, ஒரு முடிச்சுப் போட்டது.

அன்று முதல்தான் அந்தக் குளிர் தேசத்து அரண்மனைப் பெண்கள், வைரம் சூழ்ந்த ராஜாவின் முகத்தைத் தாங்கள் பார்க்க வைத்துக்கொள்ளாமல், பட்டு நாடா முடிச்சில், இடது தோளில், ஊர் பார்க்க அணிகிறார்கள். காக்கை அன்று போட்ட முடிச்சு அதுதான்.